கல்லாகிப் போன குத்துப்பை

தொங்கும் குத்துப்பையின் அடிப்பாகத்தை வெறுங்காலால் உதைத்துப் பார்த்த மாணவன் இரண்டாவது தடவை அங்கே உதைக்க மாட்டான். தோள் உயரத்தில் கை நன்றாக அமுங்கும். இடுப்பு உயரத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முழங்கால் உயரத்துக்கு இறங்கினால் கருங்கல். ஒரே பை, ஒரே நாளில் நிரப்பிய ஒரே துணி, சில மாதங்களில் மூன்று விதமாகிவிடுகிறது. "நல்லா இறுகிருச்சு, இனிமேதான் கை உரமேறும்" என்று சொல்லும் மாஸ்டர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், பை ஏன் இறுகுகிறது என்று பார்த்துவிடலாம்.

மீரட்டிலும் ஜலந்தரிலும் தைக்கப்படும் குத்துப்பைகளில் பல, காலிப் பையாகவே விற்கப்படுகின்றன. அனுப்பும் செலவு மிச்சம். நிரப்புவது வாங்கியவர் பாடு. விருதுநகர் மாவட்டத்தில் நிரப்பும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் நோட்டும் வெட்டும்போது விழும் காகிதத் துண்டு, அதே அச்சகங்களில் மை துடைக்க வாங்கி வைக்கும் பனியன் வேஸ்ட், ராஜபாளையம், அருப்புக்கோட்டை நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சு, வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய சேலை, லுங்கி. கிடைத்ததைத் திணித்து, "கனம் பத்தலையே" என்று இரண்டு சட்டி மணலையும் கொட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் பை தயார். சிக்கலும் தயார். (விருதுநகர் பேட்டையில் மிளகாய் வற்றல் கட்டி வந்த சாக்கை உள்ளுறையாகப் போட்டவர்கள் முதல் குத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அது வேறு கதை.)

ஒரு சின்னக் கணக்கு. நாலடி உயரம், சுமார் 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பையின் கொள்ளளவு ஏறக்குறைய 115 லிட்டர். அதில் 40 கிலோ பருத்தித் துணி நிரப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருத்தி இழையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.54 கிராம். அப்படியானால் 40 கிலோ பருத்தி உண்மையில் அடைத்துக்கொள்ளும் இடம் 26 லிட்டர்தான். மீதி 89 லிட்டர், அதாவது பையின் முக்கால் பங்குக்கும் மேல், வெறும் காற்று. குத்தும்போது கை அமுங்குவது இந்தக் காற்றிடத்துக்குள்தான். துணி மெல்லியதா முரடா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த இடத்தைத் திருடுகிறவர்கள் மூன்று பேர்: புவியீர்ப்பு, அதிர்வு, ஈரம்.

அதிர்வை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1960-ல் ஜி. டி. ஸ்காட் என்ற ஆய்வாளர், ஒரே அளவுள்ள எஃகுக் குண்டுகளைப் பாத்திரத்தில் ஊற்றி அளந்தார். குலுக்காமல் விட்டால் குண்டுகள் பாத்திரத்தின் 60 சதவீத இடத்தை அடைத்தன. நன்றாகக் குலுக்கினால் கிட்டத்தட்ட 64 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு குலுக்கினாலும் தாறுமாறாகக் கிடக்கும் குண்டுகள் நெருங்க மறுத்தன. 1995-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிஷ் யேகர், சிட்னி நேகல் குழுவினர் கண்ணாடி மணிகள் நிரம்பிய குழாயை ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிப் பார்த்தார்கள். முதல் சில தட்டுகளில் மட்டம் மளமளவென்று இறங்கியது. பிறகு இறக்கம் மெதுவாகி, மேலும் மெதுவாகி, நின்றுவிட்டது போலத் தோன்றியும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குத்தும் பைக்கு ஒரு தட்டுதான். ஒரு வகுப்பில் இருபது பேர் ஆளுக்கு நூறு குத்து விட்டால் ஒரே மாலையில் இரண்டாயிரம் தட்டு. புதிதாக நிரப்பிய பை முதல் மாதத்திலேயே ஒரு சாண் இறங்கிவிடுவதும், அதன்பிறகு அவ்வளவாக இறங்காததும் இதனால்தான்.

மணல் கலந்த பையில் நடப்பது இன்னும் மோசம். துணிகளின் இடுக்கு வழியாக மணல் ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடியும். கடைசியில் அடியில் மணல் மட்டும் தனியாகத் தங்கும். நெருங்கிக் கிடக்கும் மணலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதை விளக்கினார். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்தது போலாகும். அழுத்தினால் நீர் பிதுங்கி வெளியே வர வேண்டும், நடப்பதோ நேர்மாறு. நெருங்கி அமர்ந்த மணல் உருமாற வேண்டுமென்றால் ஒரு மணி இன்னொரு மணியின்மேல் ஏறித் தாண்ட வேண்டும். அதற்கு மொத்த மணலும் கொஞ்சம் விரிந்தாக வேண்டும். விரிந்த இடைவெளிக்குள் மேலே நின்ற நீர் இறங்கிவிடுவதால்தான் வெளுப்பு.

ரெனால்ட்ஸ் அடுத்து ஒரு ரப்பர்ப் பையில் மணலையும் நீரையும் நிரப்பி வாயை அடைத்தார். மணல் விரிவதற்கு வழியில்லாமல் போனதும், விரலால் பிசையக்கூடிய பை கல் போல விறைத்து நின்றது. குத்துப்பையின் அடிப்பகுதி இதே ஏற்பாடுதான். ரெக்சின் உறை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மணலுக்கு விரிய இடமில்லை. காலுக்கு அமுங்கவும் இடமில்லை.

உறை என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அணுகுண்டு வெடிக்கு மேலே சணலை அத்தனை இறுக்கமாகச் சுற்றுவதே அதற்காகத்தான். வாயு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி, உறை கிழியும்போதுதான் டமார். உறையில்லாமல் எரிந்தால் அதே மருந்து புஸ்ஸென்று போய்விடும். குத்துப்பையில் வெடிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால், விரிய முடியாத கோபமெல்லாம் கணுக்காலுக்கு வந்து சேருகிறது.

மணலே போடாத பையும் இறுகத்தான் செய்கிறது. துணியும் பஞ்சும் குண்டுமணி மாதிரி உருளுவதில்லை. இழைகள் வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வில் போல நின்று எதிர்க்கின்றன. 1946-ல் சி. எம். வான் விக் கம்பளி இழைகளை அழுத்திப் பார்த்து ஓர் உறவைச் சொன்னார்: இழைக் குவியலின் எதிர்ப்பு அதன் அடர்த்தியின் முப்படிக்கு ஏற்பக் கூடும். அடர்த்தி இரு மடங்கானால் எதிர்ப்பு எட்டு மடங்கு. துணித் துண்டுகளுக்கு இந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் போக்கு இதுதான். புவியீர்ப்பு மேலிருக்கும் பாரத்தை இறக்கி, பையின் அடியில் துணியை ஒன்றரை மடங்கு நெருக்கிவிட்டால், அங்கே எதிர்ப்பு ஒன்றரை மடங்கு அல்ல, மூன்று மடங்குக்கும் மேல். ஒரே பையில் பஞ்சும் பாறையும் சேர்ந்து இருப்பதன் ரகசியம் இந்த முப்படியில் இருக்கிறது.

பழைய இலவம்பஞ்சு மெத்தை வருஷக்கணக்கில் படுத்துப் படுத்துத் தட்டையாகிப் போகும். அதைப் பிரித்து, வில் நாணால் அடித்து, அதே பஞ்சை அதே உறைக்குள் போட்டால் மெத்தை மறுபடி உப்பி நிற்கும். புதிதாக ஒரு பிடி பஞ்சு சேர்க்கவில்லை. இழைகளுக்கு நடுவே காற்று மட்டும் திரும்பியிருக்கிறது. குத்துப்பையை மென்மையாக்குவதும் அடிப்படையில் பஞ்சு அடிக்கும் வேலைதான்.

மூன்றாவது திருடன் ஈரம். பருத்தி காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும்; ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் காற்றில் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடக் குடிக்காது. மழை குறைந்த வறண்ட காற்று, சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் நிலைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பைக்கும் அது நல்லதுதான். ஆனால் வியர்வைக்கு ஊர் பேதம் கிடையாது. கேன்வாஸ் பையின் தையல் வழியாக அது உள்ளே போகிறது. ஈரமான பருத்தியில் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புதிய நிலையில் பூட்டிக்கொள்கின்றன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்பது இதனால்தான். பைக்குள் நசுங்கிய நிலையில் நனைந்து காயும் துணியும் அந்த நசுங்கலையே தன் உருவமாக எடுத்துக்கொள்கிறது.

இதில் மிகவும் ஏமாற்றுவது காகிதம். சிவகாசியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று காகிதத் துண்டுகளை நிரப்பினால் முதல் வாரம் அருமையாக இருக்கும். காகிதம் ஒரு முறை கசங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. கசங்கல், வியர்வை, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் நடப்பது அட்டைத் தயாரிப்பு. சில மாதம் கழித்துப் பையைப் பிரித்தால் உள்ளே உருளை வடிவத்தில் ஒரு காகிதக் கூழ்க் கட்டி இருக்கும், கொலுப் பொம்மை செய்யலாம் என்கிற பதத்தில்.

சரி, கல்லாகவே இருந்தால்தான் என்ன? கை பழகிவிடாதா?

அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏழு ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்கள் கருவி பொருத்திய பொம்மைத் தலையைக் குத்தினார்கள். கையின் வேகம் சராசரியாக நொடிக்கு 9.14 மீட்டர். குத்துக்குப் பின்னால் சேர்ந்து வரும் பயனுறு நிறை 2.9 கிலோ. தாக்கு விசையின் சராசரி 3,427 நியூட்டன், சுமார் 350 கிலோ எடைக்குச் சமம். இந்த வேகத்தையும் நிறையையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு குத்தின் இயக்க ஆற்றல் 121 ஜூல். அதை முழுக்கப் பையே தடுத்து நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தும் பை கையின்மேல் சராசரியாக 1,210 நியூட்டன் விசையைத் திருப்பித் தரும். 6 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2,000. 2 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கும் இறுகிய பை தருவது 6,050 நியூட்டன். குத்து மாறவில்லை; குத்தியவன் கை வாங்குவது ஐந்து மடங்காகிவிட்டது.

இதை வாங்குவது நான்கு சிறிய உள்ளங்கை எலும்புகளும் மணிக்கட்டும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள ஐந்தாவது உள்ளங்கை எலும்பின் கழுத்து உடைவதற்கு மருத்துவத்தில் 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், அது முறையாகப் பயிற்சி பெற்றவர்களைவிட, கோபத்தில் சுவரைக் குத்தியவர்களுக்கே அதிகம் வரும். பயிற்சி பெற்றவன் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் குத்துவான். அவை மணிக்கட்டோடு நேர்கோட்டில் நிற்கும் உறுதியான எலும்புகள். பை கல்லாக இருந்தால் அந்த உறுதியும் ஓரளவுக்குத்தான்.

"எலும்பு அடிபட அடிபட உரமேறும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-ல் எழுதினார். ஆனால் அந்தப் புதுப்பிப்பு ஒரு சுற்று முடிய மாதங்கள் பிடிக்கும். மூட்டின் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அது உரமேறுவதில்லை, தேய்ந்தால் எளிதில் மீள்வதுமில்லை. பதினான்கு வயதுப் பையனின் கையில் எலும்பு வளரும் முனைகள் இன்னும் மூடியிருக்காது. அவனைக் கல் பையில் குத்தவிடும் மாஸ்டர் உரமேற்றவில்லை, அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இனி வேலைக்கு வரலாம். பையை இறக்கி, தார்ப்பாய் விரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். பாதி வரை எளிதாக வரும். அதன்பிறகு கை உள்ளே போகாது. அடிக்கட்டி முழு உருளையாகவே வெளியே விழும், விழும்போது தொம் என்று சத்தம் கேட்கும். அதைக் கையால் பிய்த்துப் பிய்த்து உதிர்த்தால் மணல் தனியாகக் கொட்டும். பட்டன், ஜிப், ஊக்கு எல்லாம் அதில்தான் கிடைக்கும். பூஞ்சை வாடை அடித்தால் அந்தத் துணிகளைத் தூக்கி எறிவதே மேல். மீதியை இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும். விருதுநகர் வெயிலைக் குறை சொல்ல ஆளில்லை.

பனியன் துணியும் சட்டைத் துணியும் ஒன்றல்ல. பனியன் பின்னல் துணி. அதன் நூல் வளையம் வளையமாக ஓடுவதால் அமுங்கிய பிறகு மீளும். சட்டை, வேட்டி நெய்த துணி. மடிந்து தட்டையாகி அடுக்கடுக்காகப் படியும். அதனால் பனியன் வேஸ்ட் கூடுதலாகவும் நெய்த துணி குறைவாகவும் இருப்பது நல்லது. உள்ளங்கை அகலத் துண்டுகளாக இருக்கலாம். முழுச் சேலையைச் சுருட்டித் திணித்தால் அது ஒரு கட்டி. பொடிப்பொடியாக வெட்டினால் மணல் போலவே வடிந்துவிடும். நூற்பாலைக் கழிவுப் பஞ்சு குட்டை இழை. குத்துப்பட்டுக் கம்பளம் போலத் திரண்டுவிடும். அதைத் தனியாக நிரப்பக் கூடாது. இலவம்பஞ்சும் வேண்டாம். உள்ளே குழலாக இருக்கும் அந்த மெல்லிய இழை தலையணைக்குச் சரி. தினசரி குத்தைத் தாங்காமல் நொறுங்கித் தூளாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. பட்டாசு ஆலையில் பயன்படுத்திய துணியோ சாக்கோ, துவைத்ததென்று சொன்னாலும், பைக்குள் போகவே கூடாது. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் இழைக்குள் ஒட்டியிருக்கலாம். கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிமருந்தை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது (தீக்குச்சி முனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு). அந்தக் கலவை உராய்வுக்கும் அடிக்கும் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும். நாள் முழுக்க உராய்வும் அடியும் வாங்குவதுதான் குத்துப்பையின் தொழில்.

நிரப்பும்போது உறையின் உட்சுவரை ஒட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு ஃபோம் தகடு அல்லது பழைய யோகா விரிப்பைச் சுருட்டி நிறுத்துவது பெரிய வித்தியாசம் தரும். லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988-ல் எழுதிய நூலில் காட்டியபடி, ஃபோமை அழுத்தினால் முதலில் கொஞ்சம் எதிர்க்கும்; பிறகு அதன் அறைச்சுவர்கள் வரிசையாக வளைந்து கொடுக்க, விசை ஏறாமலே நெடுந்தூரம் அமுங்கும்; எல்லா அறையும் நசுங்கிய பிறகே விறைக்கும். கைக்கு வேண்டியது அந்த நடுக்கட்டம். அறைச்சுவர்கள் நாளடைவில் கிழிந்துபோகும் என்பதால் ஃபோமை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.

அதற்குள்ளே துணியை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, அடுத்த சாண். கட்டையால் இடிக்கக் கூடாது. மேலிருந்து வரும் பாரம் பிறகு தானாக இடிக்கும் என்பதால் அடிப்பகுதியைத் தளர்வாகவே விட வேண்டும். எடுத்த துணியில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பப் போடாமல் விட்டாலே, வான் விக்கின் முப்படிக் கணக்குப்படி எதிர்ப்பு பாதியாகும். கனம் குறைந்துவிடுமே என்ற கவலை எழும். கனம் வேறு, கடினம் வேறு. கனம் பை எவ்வளவு ஆடும் என்பதைத் தீர்மானிக்கிறது. கடினம் முதல் சில மில்லி நொடிகளில் கைக்கு என்ன ஆகும் என்பதை. கனம் வேண்டுமென்றால் மணலை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைச் சாக்கில் தைத்து, பையின் நட்டநடுவே, சுற்றிலும் போதுமான துணி இருக்கும்படி வைக்கலாம். மணல் அங்கே இருக்கிறவரை யாருக்கும் தொல்லையில்லை.

பையை இறக்காமல் கிரிக்கெட் மட்டையால் சுற்றிச் சுற்றி அடித்து இளக்குவது பரவலான வழக்கம். புதுப் பையின் விறைத்த ரெக்சினை அது பழக்கும். ஒட்டிக்கொண்ட மேல் அடுக்கைக் கொஞ்சம் உதிர்க்கும். ஆனால் அடிக்கட்டியை மட்டை தொடாது, தட்டத் தட்ட அது இன்னும் நெருங்கவே செய்யும். இரு முனையிலும் வளையம் உள்ள பையானால், மாதம் ஒரு முறை தலைகீழாக மாட்டுவது மட்டையடியைவிட நல்ல வைத்தியம்.

கையையும் கவனிக்க வேண்டும். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் கிளவுஸுக்குள் சுற்றிக்கொள்வதும் இதே வகைத் துணிதான். கைக்கட்டின் முதன்மையான வேலை மெத்தையாக இருப்பது அல்ல. உள்ளங்கை எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமலும் மணிக்கட்டு மடங்காமலும் பிடித்து வைப்பது. மெத்தை வேலையை கிளவுஸும் பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக நிரப்பிய பையை மாட்டியவுடன், உள்ளே துணி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று உறைக்கு வெளியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது. முதல் மாதம் வாரம் ஒரு முறை ஜிப்பைத் திறந்து பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருக்கும். அப்போது மேலே புதுத் துணியைத் திணிக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். அது அடியை இன்னும் நசுக்கும். மேல் பாதியை எடுத்து, கையை எட்டும்வரை உள்ளே விட்டு, அடியில் இருப்பதைக் கிளறிவிட்டு, எடுத்ததையே திரும்பப் போட வேண்டும். இரண்டாவது மாதத்திலிருந்து மாதம் ஒரு தடவை கிளறினால் போதும்.